பதினேழாம் நம்பர் ஆமை

ஜனவரி 6, 1975. திங்கள்

வாடைக் காற்று. கரையில் நிற்க முடியவில்லை. ஆமை அளவெடுப்பு: நான்கு. எல்லாம் மல்லாத்திப் போட்டபடி, துடுப்பில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டி. ஓட்டின் நீளம், அகலம், ஆணா பெண்ணா. டேப் நைந்துவிட்டது, ஆபீஸில் புதிது கேட்க வேண்டும்.

ஆமை அறுத்து விற்கும் மிக்கேல் அண்ணாச்சி ஒவ்வொன்றாகப் புரட்டிக் கொடுத்தார். வாய் சும்மா இருக்குமா? "ஏலே சேவியரு, அளந்து அளந்தே எங்க வாயில மண்ணைப் போடப் போற."

சிரித்து மழுப்பினேன். அவர் சொன்னது நிஜம். ஆமை பிடிப்பதைத் தடை செய்யச் சொல்லி எங்கள் ஆராய்ச்சி அதிகாரி ரிப்போர்ட் அடித்தாயிற்று. அவரை டாக்டர் என்போம். ஞாயிறு மாலை ஊர்க் கருத்தைக் கேட்க டெல்லியிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார். மாதா கோயில் ஹாலில் ஸ்லைடு காட்டிக் கூட்டம். ஊரே எதிர்க்கிறது என்று அவர் எழுதிவிட்டால் ரிப்போர்ட் அலமாரியில் தூங்கும். பேச வேண்டியவன் நான். "நீதான் இந்த ஊர்க்காரன்" என்கிறார் டாக்டர். பயமே அதுதான்.

செய்ய: ஹால் சாவி. புரொஜக்டர் பல்பு. மகள் ஜெசிக்கு மாத்திரை.

ஜன. 8. புதன்

ஜெசிக்கு மூச்சு இழுப்பு. ஆறு வயசுப் பிள்ளை, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். பெரியாஸ்பத்திரி மாத்திரைக்கு அடங்கவில்லை.

ரோஸ்லின் பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "மிக்கேல் அண்ணாச்சிட்ட கேட்டேன். மூணு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சதும் ஒரு டம்ளர் ஆமை ரத்தம். சூடு ஆறுமுன்ன குடிச்சிரணுமாம்."

கத்திவிட்டேன். ஆராய்ச்சி, ஆதாரம், என்னென்னவோ.

"சின்னதுல நீங்க குடிச்சீங்கல்லா? நின்னுச்சுல்லா?"

நின்றது. பன்னிரண்டு வயதில். ரத்தத்தாலா, வளர்ந்ததாலா, யார் கண்டது. கட்டின மனைவிக்கே பதில் சொல்ல முடியவில்லை, ஊருக்குச் சொல்லப் போகிறேனாம்.

ஜன. 10. வெள்ளி

பல்பு கிடைத்தது. சாவி நாளைக்கு என்றார் சாமியார். ஜெசி அப்படியேதான்.

டாக்டர் இங்கிலீஷில் எழுதித் தந்த பேச்சைத் தமிழாக்கி முடித்தேன். கடைசி வரி: 'என் வீட்டுக்குள் ஆமை வருவதில்லை.' அவரே சேர்த்தது. ஊர்க்காரன் வாயால் வந்தால் எடுபடுமாம்.

கடைசி ஸ்லைடு பதினேழாம் நம்பர். நவம்பரில் தீவுப் பக்கம் நானே விட்ட பெண் ஆமை. முன்துடுப்பில் நம்பர் தகடு அடித்துக் கையை எடுத்ததும், ஒரு நொடி திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. ஆமையாவது திரும்பிப் பார்ப்பதாவது. சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஜன. 12. ஞாயிறு

காலை. பேச்சை மனப்பாடம் செய்ய வீட்டிலேயே இருந்துவிட்டேன். ரோஸ்லினும் ஜெசியும் முதல் பூசைக்குப் போய் நேரம் கழித்து வந்தார்கள். பிள்ளையின் உதட்டோரம் காய்ந்த சிவப்பு. ரோஸ்லின் நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜெசி கையை விரித்தாள். தகடு. 17.

"மிக்கேல் மாமா குடுத்தாவ. அப்பாட்ட மறக்காம குடுக்கணுமாம்."

நோட்டீஸில் நாங்கள் அச்சடித்தது அதுதானே. தகடு கிடைத்தால் ஆபீஸில் சேர்க்கவும். ஆமையைக் கடலில் விட்டுவிடவும் என்று ஒரு வரி சேர்க்க டாக்டருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அண்ணாச்சி கேட்டபடி செய்திருக்கிறார்.

அழுகை வந்தது. ஜெசி மூச்சில் சத்தமில்லாமல் படுத்துத் தூங்கினாள், நாலு நாளில் முதல் தடவை. அதைப் பார்த்துச் சந்தோஷமும் பட்டேன். மறைப்பானேன்.

மாலை 7.30. இப்போதுதான் வந்தேன். ஹால் நிறைந்திருந்தது. டெல்லிக்காரர் முன்வரிசை. அண்ணாச்சி மூன்றாவது. பெண்கள் பக்கம் ரோஸ்லின். பதினேழு திரையில் வந்தது, கூடவே அந்தக் கடைசி வரி. அதைச் சொல்லாமல் விட்டேன். சட்டைப்பையிலிருந்து தகட்டை எடுத்துக் காட்டினேன்.

"இந்த ஆமைதான். இன்னைக்குக் காலையில அறுத்தாச்சு. ரத்தத்தைக் குடிச்சது என் மக."

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி எழுந்தார். கோபமில்லை, நிஜமாகவே கேட்டார்: "அப்போ மிச்சம் ரெண்டு ஞாயித்துக்கிழமை? என்னல செய்யப் போற?"

"வர மாட்டோம் அண்ணாச்சி."

டெல்லிக்காரர் அதை டாக்டரிடம் இங்கிலீஷில் கேட்டு எழுதிக்கொண்டார். ரோஸ்லின் எழுந்து வெளியே போனாள்.

ஜன. 14. செவ்வாய்

பொங்கல் லீவு. டாக்டர் வீடு தேடி வந்தார். டெல்லிக்காரர் நமக்குச் சாதகமாகத்தான் எழுதுவாராம். "நீ அண்ணாச்சிக்குச் சொன்ன பதில்தான் எடுபட்டது." கை குலுக்கினார். காபி குடிக்காமல் போனார்.

மதியத்திலிருந்து ஜெசிக்கு மறுபடி இழுப்பு. மாத்திரை கொடுத்தாயிற்று. முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறேன், ஒரு கையால் எழுதுகிறேன். ரோஸ்லின் காலண்டர் முன்னால் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்.