கடையை அடைத்துவிட்டுப் போன நாள்

புக்கிட் பெலண்டோக்
வெள்ளிக்கிழமை, அஸர் நேரம்

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஷரீஃபா எழுதுகிறேன். நானும் மூன்று பிள்ளைகளும் நலம். மாமி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே போனில் கேட்டேன். மனம் குளிர்ந்தது. அல்லாஹ் அவர்களுக்கு முழு சுகத்தைத் தரட்டும்.

லுக்குட்டில் இருக்கும் நம் ஊர்க்கார ஹாஜியார் குடும்பம் நாளைக்குத் திருச்சிக்கு விமானம் ஏறுகிறது. மாமிக்கு மைலோவும் தைலமும், உங்களுக்கு இரண்டு கைலியும் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். கூடவே இந்தக் கடிதம். தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனை எடுத்தால் சலாமுக்கு அடுத்த வார்த்தை உங்களுக்கு "கடையில் கூட்டமா?" என்பதுதான். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால்தான்.

போன சனிக்கிழமை போனில் உங்களைக் கண்டபடி திட்டிவிட்டு அழுதுகொண்டே வைத்துவிட்டேன். அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. என்ன நடந்தது என்று முழுதாகத் தெரிந்தால் நீங்களே கேட்க மாட்டீர்கள். ஆனால் நான் எழுத வந்த விஷயம் வேறு. ஆரிஃப் சபாவுக்குப் போக மாட்டேன் என்கிறான். அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டிய பிள்ளை, கட்டி வைத்த பையைப் பிரித்துச் சட்டைகளை மறுபடி அலமாரியில் அடுக்கிவிட்டான். அது எப்படி வந்தது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளி விடுமுறை விட்டதும் சின்னவள் அமால் ஆரம்பித்துவிட்டாள். கூடப் படிக்கிறவள் லங்காவி போகிறாளாம், இன்னொருத்தி சிங்கப்பூர் போகிறாளாம், நாம் மட்டும் கடைக்குப் பின்னால் இருக்கும் செம்பனை மரங்களையே பார்த்துக்கொண்டு இருக்கிறோமாம். நான் பல்லைக் கடித்தேன். ருமைசாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். நம் நெகிரி செம்பிலானிலேயே பார்க்காத இடம் எவ்வளவோ இருக்கிறது, அங்கேயே போகலாம், சாப்பாடு நம் அடுப்பிலிருந்து பொங்குஸ் கட்டிக்கொண்டால் போதும் என்றாள். ஒரு சட்டமும் போட்டாள். போகிற இடத்தில் ஆளுக்கு ஒரு புது விஷயம் தெரிந்துகொண்டு வர வேண்டும். தெரிந்துகொள்ளாதவர் வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு டிபன் கேரியர் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். முதல் தடவை கழுவியது யார் என்று கேட்காதீர்கள்.

லுக்குட் கோட்டைக்குப் போனோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குன்றைத் தாண்டித்தான் சந்தைக்குப் போகிறேன், அதன் மேல் ஒரு கோட்டை இருந்தது என்று எனக்குத் தெரியாது மச்சான்! ஈயம் தோண்டிய காலத்தில் ஒரு ராஜா கட்டினாராம். பக்கத்துக் காட்சியகத்தில் கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த சாமான்களெல்லாம் வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் சிரம்பான் அருங்காட்சியகம். திரும்பும்போது தெமியாங்கில் என் தங்கை வீட்டில் தேநீர். செலவு என்று பார்த்தால் பெட்ரோல்தான். அமால் லங்காவியை மறந்தே போனாள்.

ஆனால் இந்த இரண்டுக்கும் ஆரிஃப் வரவில்லை. அவன்தானே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். பெருநாள் முடிந்து நீங்கள் ஊருக்குப் போனதிலிருந்து அந்தப் பிள்ளை இந்தச் சந்தியைத் தாண்டவில்லை. விடியற்காலையில் தோட்டத்து ஆட்கள் பசியாற வரும்போதும் அவன்தான், செம்பனை லோரிக்காரர்கள் வரும்போதும் அவன்தான். தங்கைகள் திரும்பி வந்ததும் என்ன பார்த்தீர்கள் என்ன பார்த்தீர்கள் என்று ஆசையாகக் கேட்பான். அவன் சபாவுக்குப் போவதற்குள் எல்லாருமாக ஒரு முழு நாள் போய் வர வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆமாம், உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் கடையை மட்டும் அடைத்துவிடாதே என்பீர்கள். அந்தச் சனிக்கிழமை கடைப் பையன்களுக்கெல்லாம் சந்தோஷமாகப் போர்ட்டிக்சன் கடலுக்குப் போங்கள் என்று லீவு கொடுத்துவிட்டு, இரவில்கூட இறக்காத ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். துருப்பிடித்துப்போய் வரவே மாட்டேன் என்றது. ஆரிஃப் அதில் தொங்கித்தான் இறக்கினான். ஒரு நாள் தானே என்று அறிவிப்புக்கூட ஒட்டவில்லை.

கோலா கிளாவாங் போனோம். முதலில் வழியில் இருக்கும் ஜெராம் தோய் அருவி. ஆரிஃப் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடையில் இறங்கியவன் ஏறவே இல்லை. கல்லைக் கல்லாகப் புரட்டி அடியில் ஒட்டியிருந்த குட்டிப் பூச்சிகளை உள்ளங்கையில் எடுத்து அமாலுக்குக் காட்டினான். இது இருந்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம், அழுக்குத் தண்ணீரில் இது பிழைக்காது என்றான். இதைத்தான் அவன் சபாவில் படிக்கப் போகிறான், தண்ணீரையும் அதில் வாழும் உயிர்களையும். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஆரிஃபே இல்லை, வேறு பிள்ளை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பூச்சியைப் படம் எடுக்கிறேன் என்று அமால் என் போனை ஓடையில் போட்டுவிட்டாள். அன்றைக்குக்கூட நான் அவளைத் திட்டவில்லை.

பிறகு மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஊருக்குள் போய், அடாட் என்கிற பழைய வழக்கங்களைக் காட்டும் அருங்காட்சியகம் பார்த்தோம். இந்தப் பக்கத்து மலாய்க்காரர்களின் வழக்கப்படி பரம்பரை வீடும் நிலமும் பெண் பிள்ளைகளுக்குத்தான் போகுமாம். அமால் சத்தமாக, அப்படியென்றால் நம் கடை உம்மாவுடையதா என்று கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆமாம்லா, அதனால்தான் உம்மா பூட்டிட்டு வந்துட்டாங்க என்றான் ஆரிஃப். மரத்தடியில் பாயை விரித்து, நெய்ச்சோறும் கோழி ஆணமும் சாப்பிட்டோம். நீங்கள் இருந்திருந்தால் என்று நான்தான் முதலில் சொன்னேன்.

திரும்பி வரும்போது மக்ரிப் நேரம். தூரத்திலிருந்தே பார்த்தேன், கடை முன்னால் ஒரே கூட்டம். சாலை ஓரம் முழுக்க மோட்டார் சைக்கிள். மாயாண்டி அண்ணனின் செம்பனை லோரி குறுக்கே நிற்கிறது. சூராவில் தொழுதுவிட்டு வந்த மலாய்க்காரர்கள் சொங்கோக் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். தோட்டத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். கார் கதவைத் திறந்ததுதான் தாமதம், நம் கடையில் தினமும் தோசைக்கு வரும் செல்லம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, போயிட்டாரேம்மா, தங்கமான மனுசன் போயிட்டாரேம்மா என்று ஓவென்று அழுதாள். சூராவின் இமாம், சபார்லா காக், பொறுமையாக இருங்கள் என்றார்.

எனக்கு வேறென்ன தோன்றும் மச்சான்? என் போன் தண்ணீரில் போய்விட்டது. ஊரிலிருந்து இவர்களுக்குச் சேதி வந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன். உண்மையில் அவர்களுக்கு ஒரு சேதியும் வரவில்லை. பெருநாள் தவிர இந்தக் கடையின் ஷட்டர் இறங்கியது ஒரே ஒரு தடவைதான், உங்கள் வாப்பா மௌத்தான அன்று. அதனால் காலையில் பூட்டிய கடையைப் பார்த்ததும் நீங்கள்தான் போய்விட்டீர்கள் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். நம்ம முதலாளி தவுக்கே உயிரோட இருந்தா கடைய அடைப்பாரா என்று மாயாண்டி அண்ணன் சொன்னாராம், அதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்களாம். எங்கள் போனுக்கு அடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆரிஃபின் போன் சத்தமில்லாமல் பின்சீட்டுப் பையில் கிடந்தது. நான் அவர்களைப் பார்த்து நம்பினேன், அவர்கள் நான் அழுததைப் பார்த்து நம்பினார்கள்.

நான் தார்ச்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் மறைப்பானேன், அந்த நேரத்தில் கடையும் நினைவில் இல்லை, வீடும் நினைவில் இல்லை. கடைசியாக உங்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று யோசித்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை. அதுதான் என்னை அப்படி அழ வைத்தது.

ருமைசா அலறினாள், அமால் என் காலைக் கட்டிக்கொண்டாள். ஆரிஃப் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என் பையிலிருந்து சாவியை எடுத்தான். அந்தத் துருப்பிடித்த ஷட்டரை ஒரே மூச்சில் தூக்கினான். என்னை உள்ளே கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, விளக்கைப் போட்டான், அடுப்பைப் பற்றவைத்தான், வந்தவர்கள் எல்லாருக்கும் தே ஆற்ற ஆரம்பித்தான். அன்று உங்கள் வாப்பாவின் மய்யித்துக்கு வந்தவர்களுக்கு நீங்கள் ஆற்றிக் கொடுத்தீர்களே, அதே மாதிரி. முதல் கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, "நா எங்கயும் போகல உம்மா. கடைய நா பாத்துக்கறேன், நீங்க பயப்படாதீங்க" என்றான். குரல் உங்கள் குரல்.

அப்போதுதான் ருமைசா பையைக் கிளறி ஆரிஃபின் போனை எடுத்து, அழுதுகொண்டே உங்கள் ஊர் நம்பருக்கு அடித்தாள். மாமியையாவது கேட்கலாம் என்று நினைத்தாளாம். நீங்களே எடுத்து, சாவகாசமாக, "என்னம்மா ருமைசா, கடையில கூட்டமா?" என்றீர்களே! கூட்டம்தான் மச்சான், உங்கள் மய்யித்துக்கு வந்த கூட்டம். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்ததும் நீங்கள் ஹலோ ஹலோ என்றது கடை முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகுதான் நான் போனைப் பிடுங்கி உங்களைத் திட்டியது. இப்போது சொல்லுங்கள், மன்னிப்பு கேட்க வேண்டுமா?

அப்புறம் ஒரே சிரிப்பு. செல்லம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஆயுசு நூறு, ஆயுசு நூறு என்றாள். இமாம் கையோடு உங்கள் நீண்ட ஆயுளுக்கு துஆ ஓதினார். மாயாண்டி அண்ணன், நாள் பூரா லோடு ஏத்துறத விட்டுட்டு அழுதிருக்கேன்லா, தவுக்கே வந்ததும் எனக்கு நஷ்ட ஈடா ரொட்டி சானாய் போடணும் என்கிறார். ஆனால் ஒன்று. உங்களுக்காக இத்தனை பேர் அழுவதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். அந்தப் பெருமையை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

எல்லாரும் சிரித்தோம், ஆரிஃப் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் பார்க்கிறேன், பை காலியாக இருக்கிறது. வாப்பாதான் நல்லா இருக்காரே, இன்னும் என்னடா என்றேன். "நல்லா இருக்காரு உம்மா. ஆனா ஒரு நாள் கடைய அடைச்சதுக்கே வாப்பா இல்லன்னு ஊரே முடிவு பண்ணிடுச்சே. நா போயிட்டா யாரு தொறந்து வைப்பா?" என்கிறான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன், சிரிக்கிறான். ருமைசா சண்டை போட்டுப் பார்த்தாள். என் தங்கை வந்து பேசினாள். ஒன்றும் ஏறவில்லை. இதோ இந்த வரியை எழுதும்போதும் கீழே தே ஆற்றும் சத்தம் கேட்கிறது.

இந்தக் கடைதான் நம்மைச் சாப்பிட வைக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளை என்ன படித்துவிட்டான் பாருங்கள். வாப்பா என்றால் திறந்திருக்கும் கடை, கடை அடைத்தால் வாப்பா இல்லை. அவன் அப்படித்தானே உங்களைப் பார்த்து வளர்ந்தான். ஓடையில் நின்ற அந்த முகத்தை நான் பார்த்துவிட்டேன் மச்சான். அந்தப் பிள்ளையை இந்த அடுப்பங்கரையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் திரும்பி வரும் டிக்கெட்டை முதல் தடவை தள்ளியது மாமியின் இடுப்புக்காக. நானே, இப்போது வராதீர்கள், அவர்கள் கூட இருங்கள் என்றேன். இப்போது கொல்லைப்பக்கம் கட்டும் குளியலறைக்காக மறுபடி தள்ளுகிறேன் என்கிறீர்கள். கொத்தனாரை உங்கள் தம்பி பார்த்துக்கொள்ளட்டும். மாமியிடம் நான் போனில் எல்லாம் சொல்லிவிட்டேன், கோபிக்காதீர்கள். மகனை அனுப்பி வைக்கிறேன், பேரனைப் படிக்க அனுப்பி வை என்றார்கள்.

போனில் ஆரிஃபிடம் பேசிச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சரி வாப்பா என்பான், போக மாட்டான். நேரில் வாருங்கள். அவன் விமானம் ஏறும் நாளில், அவன் கண் முன்னால், உங்கள் கையால் கடையை அடையுங்கள். மாயாண்டி அண்ணனும் செல்லம்மாவும் நின்று பார்க்கட்டும். பிறகு அவன் பையை நீங்களே காரில் வைத்து, நாம் எல்லாருமாகப் போய் அவனை ஏற்றிவிட்டு வருவோம். உயிரோடு இருக்கிற மனிதனும் பிள்ளைக்காகக் கடையை அடைப்பான் என்று அவன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டும்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அதில் கொஞ்சத்தை எங்களோடு கழிக்கும் மனதையும் தரட்டும்.

வஸ்ஸலாம்.

வழி பார்த்திருக்கும்,
ஷரீஃபா