அகல்வான் டொமைனுக்குத் தடை

நாள் 211, 08:10
செவ்வாய், வடக்குத் துணைநிலையம். எழுதுபவன் ஜெபமணி, தகவல் தொடர்புப் பொறுப்பு. அழுத்தம் சீர். இங்கே இருப்பது நான், ஷரீஃபா, ஒரு திறந்த வண்டி. செயற்கைக்கோள் இரண்டு மணிக்கொரு முறை தலைக்கு மேல் வரும். பன்னிரண்டு நிமிடம் மெயில் போகும், வரும். இப்போது வந்தவை 640. அதில் 631, எங்களுக்கு உடையிலிருந்து உணவு வரை சப்ளை செய்யும் அகல்வான் கம்பெனியின் கருத்துக்கணிப்பு. காலுறை பிடித்திருந்ததா என்று கேட்கிறான். அது கிழிந்து ஒரு மாதமாகிறது.

நாள் 211, 10:35
ஒரு முகவரியைத் தடுத்தால் இன்னொன்று முளைக்கிறது. வானிலை அறிக்கை பாதியில் நின்றுவிட்டது. எனக்குப் பொறுமை போய்விட்டது, அகல்வான் டொமைனையே, அவன் முகவரிகள் மொத்தத்தையும், மூடினேன். திருப்பி அனுப்பினால் அவன் இயந்திரம் மூன்று முறை மறுபடி அனுப்பும். அதனால் "கிடைத்தது" என்று பதில் சொல்லிவிட்டு அழிக்கும்படி சர்வரை அமைத்தேன்.
வண்டியில் ஐஸ் வெட்டக் கிளம்பிய ஷரீஃபா ரேடியோவில்: "டொமைன் முழுசாவா? நம்ம உடையும் அவங்களதுதானே அண்ணே. ஏதாவது சொல்லணும்னா?"
உடை வந்து ஆறு மாசம் ஆச்சு, இனி என்னத்தைச் சொல்லப்போகிறான் என்றேன்.

நாள் 211, 12:33
வந்தவை ஒன்பதே மெயில். அழித்தவை 588. நிம்மதி. ஷரீஃபா மேட்டைத் தாண்டப்போகிறாள். அப்பால் ரேடியோ எடுக்காது.

நாள் 211, 14:22
தலைமை நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரி மங்கையர்க்கரசியிடமிருந்து:
"அகல்வானின் அவசர எச்சரிக்கை 12:24க்கு உங்களுக்குக் கிடைத்ததாக உங்கள் சர்வர் சொல்கிறது. அப்புறம் ஏன் ஷரீஃபா இன்னும் வெளியே? உடையின் இரண்டாவது ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கக் கூடாது. நாலு மணி நேரக் குளிருக்குப் பிறகு வால்வு விரிசல் விடுகிறது."
12:24க்கு அவள் கூப்பிடு தூரத்தில் இருந்தாள். பாவி, நான் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

நாள் 211, 14:31
கூப்பிடுகிறேன். பதில் இல்லை. மாற்று சிலிண்டரோடு எதிரே நடக்கட்டுமா என்று தலைமையைக் கேட்டேன். பதில்: "வேண்டாம். நிலையத்தில் ஒருவர் இருந்தே ஆகணும். ரெண்டு பேரையும் இழக்க முடியாது."

நாள் 211, 14:49
எடுத்துவிட்டாள். மேட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.
"அண்ணே, ஐஸ் நாப்பது கிலோ தேறும். முதல் சிலிண்டர் தீர்ந்துச்சு, இப்பதான் ரெண்டாவதைத் திறந்தேன். ஏன் இப்படிக் கத்துறீங்க?"
சொன்னேன்.
"ஆமா, சீறுது. ஆக்சிஜன் மீட்டர் முள்ளு இறங்குது. முக்கால் மணி தாங்கும். வண்டி அங்க வர ஒரு மணிக்கு மேல ஆகுமே அண்ணே."
எச்சரிக்கை வந்ததே, நான்தான் அழித்தேன் என்று சொன்னேன். அவள் திட்டவில்லை. "சரி, வண்டியை எடுக்கிறேன்" என்றாள். திட்டியிருக்கலாம்.

நாள் 211, 14:55
தடையை நீக்கிவிட்டேன். அடுத்த முறை காலுறை மெயில் எல்லாம் வரும், வரட்டும். சுவரிலிருந்த பழைய சிலிண்டரை முதுகில் கட்டியாச்சு. அவள் இந்தப் பக்கம் வர, நான் அந்தப் பக்கம் ஓட, நடுவில் எங்கோ. கணக்கு சரியாக வருகிறதா என்று இரண்டாம் முறை பார்க்கவில்லை.
மங்கையர்க்கரசி அம்மாவுக்கு: நிலையத்தை விட்டுப் போகக் கூடாது என்ற உங்கள் உத்தரவு கிடைத்தது. சர்வர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். முழுசாகப் படித்தேன்.
போகிறேன்.