கிடாயை விற்க வேண்டாம்

சார்ஜா

மகேஸ்வரி அக்காவுக்கு, கடல் கடந்த சக்கரவர்த்தி பெருமாள்சாமி கும்பிட்டு எழுதுவது. நானும் என் முழங்காலும் சுகம். நீயும், மச்சானும், உன் மகன் மதியழகனும், கிடாயும் சுகமா? போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

மச்சானுக்கு மில்லில் ஷிப்டு பாதியாகிவிட்டது, ஒட்டன்சத்திரத்தில் லாரி குறைந்து மதியழகனுக்கு லோடு ஏற்றும் வேலையும் போய்விட்டது என்றாய். கிடாயை அய்யலூர் சந்தையில் விற்று, அவனை என்னிடம் அனுப்பப் போவதாகவும் சொன்னாய்.

செத்த நேரம் பொறு. இங்கே எனக்குப் பெரிய பதவி வந்திருக்கிறது. நாங்கள் கட்டிய கட்டிடம் நிலாவை இடிக்க ஒரு முழம் இருக்கும்போது நின்றுபோனது. வீடு வாங்க ஆளில்லையாம், உலகம் முழுக்க இதே மந்தமாம். லட்சம் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். காலிக் கட்டிடத்துக்குக் காவல் நிற்கும் ராஜா இப்போது நான்தான். ராஜாவுக்கும் இந்த மாசத்தோடு சீட்டுக் கிழிகிறது.

"ஏலே அப்பு, வந்துரு" என்று மதியழகனைக் கூப்பிட ஆசைதான். தனியாக உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வந்தால் அவனுக்கு இங்கே வேலை இல்லை அக்கா.

என் சைக்கிளுக்குக் காற்றடித்து வை. வேலை தேடி அலைய வேண்டும்.

கிடாயை மட்டும் விற்றுவிடாதே. தம்பி ஊரோடு வந்து சேர்ந்தால் வெட்டுகிறேன் என்று கருப்பசாமிக்கு நீதானே நேர்ந்துவிட்டாய்? நம் வீட்டில் இப்போது வேலை இருப்பது அதற்கு மட்டும்தான்.

வாரேன்.

உன் தம்பி
பெருமாள்சாமி