டைம்டேபிள் டீச்சர்

4 மே 1998, திங்கள்

விடுமுறை என்று பெயர்தான். காலை முழுக்க ஸ்டாஃப் ரூம் தரையில் சார்ட் பேப்பரை விரித்து, அதன்மேல் முட்டி போட்டுக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சர்தான் பள்ளிக்கூடத்துக்கே டைம்டேபிள் போட வேண்டும் என்று யார் விதித்தார்களோ! நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் இதே கதை. ஒன்பதாம் ஏ-க்கும் பத்தாம் பி-க்கும் ஒரே நேரத்தில் தமிழம்மா. அவரை இரண்டாக வெட்டவா முடியும்? இங்கே மாற்றினால் அங்கே இடிக்கிறது.

வினாத்தாள் அடித்ததைக் கொடுக்க அகிலா வந்தாள். செக்காலை ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். தச்சு வேலைக் குடும்பம். அவள் மட்டும் கோயம்புத்தூர் போய் எம்.சி.ஏ. படித்து வந்தவள். வாசலிலேயே நின்று சிரித்தாள்.

"என்னக்கா, இன்னமும் குண்டூசி வச்சுக் குத்திக்கிட்டு இருக்கீக? கம்ப்யூட்டர்ட்ட குடுத்தா பத்து நிமிசத்துல துப்பிரும்."

"துப்புனா யாரு தொடைக்கிறது?" என்றேன். ஆனால் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு அவள் பின்னால் போய்விட்டேன்.

23 மே

கம்ப்யூட்டர் துப்பியது. ஏழாம் வகுப்புக்கு வாரம் முழுவதும் விளையாட்டு. கணக்கு, அறிவியல் எதுவும் இல்லை.

"பிள்ளைக ஓட்டுப் போட்டா இதுதாங்கா ஜெயிக்கும்" என்கிறாள் அகிலா. ஒரு நாளைக்கு ஒரு பாடம் இத்தனை தடவைதான் வரலாம் என்று நாங்கள் அதற்குச் சொல்லவே இல்லை. சொல்லாதது எதுவும் அதற்குத் தெரியாது. எட்டாம் பி பிள்ளைகள் மாதிரியேதான்.

2 ஜூன்

பள்ளி திறந்தது. எங்கள் டைம்டேபிள் ஓடுகிறது! ஒரு மோதல் இல்லை. தலைமை சிஸ்டர் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "இந்த வருஷம் யாரும் எங்கிட்டச் சண்டைக்கு வரலையே ஜெரினா, ஒடம்புக்கு ஏதும் முடியலையா எல்லாருக்கும்?"

வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். என் கணவர் ஆனந்த், ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவர். சத்தமாகச் சிரித்துப் பழக்கமில்லாத மனிதர். அவரே சிரித்தார். அவர் அம்மா, அதாவது என் அத்தை, கேட்டார்: "அப்ப இதை மத்த பள்ளிக்கூடத்துக்கும் குடுக்கலாமுல்ல?"

குடுக்கலாமே!

11 ஜூலை, சனி

அகிலா புரோகிராமை ஒரு மாதமாக இழைத்து இழைத்து வைத்திருக்கிறாள். திறந்தால் பள்ளியின் சின்னம் வருகிறது, பாட்டு வருகிறது, பாடத்துக்கு ஒரு நிறம். ஒரு ஃப்ளாப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் கோட்டையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியர் முத்தையா ஐயா நல்ல மனிதர். டீ வரவழைத்தார். ஃப்ளாப்பியைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்குத்தா. இதை எதுல போடுறது?"

பள்ளியில் கம்ப்யூட்டர் இல்லை. இதைக் கேட்காமலே வந்திருக்கிறோம்! நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் டீ டம்ளரை அந்த ஃப்ளாப்பியின் மேலேயே வைத்தார். பஸ்ஸில் அகிலா ஃப்ளாப்பியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

12 ஜூலை

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வரும்போது தோன்றியது. அவருக்கு வேண்டியது ஃப்ளாப்பியா? டைம்டேபிள்தானே! மெஷின் எங்களிடமே இருக்கட்டும். அவர் ஆசிரியர் பட்டியலைக் கொடுக்கட்டும். அச்சடித்த தாள் அவருக்குப் போகட்டும்.

அகிலாவிடம் போய்ச் சொன்னேன். "அப்ப நான் போட்ட பாட்டு?" என்றாள். பாட்டை எடுத்துவிட்டோம்.

25 ஜூலை

முத்தையா ஐயாவிடம் கேட்டேன்: "ஏதாவது விதி இருக்காங்க ஐயா? யாருக்கு எப்ப வேணும், வேண்டாம்னு?"

"ஒண்ணுமில்லத்தா. சும்மா போடுங்க."

போட்டுக் கொண்டுபோனேன். தாளைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "டிரில் மாஸ்டருக்கு மத்தியானம் மொதப் பீரியடா? வெயில்ல மயங்கி விழுந்துருவாரு. அறிவியல் சாரும் வரலாறு சாரும் எட்டு வருசமாப் பேசிக்கிறதில்ல, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஓய்வு குடுத்தா ஸ்டாஃப் ரூம்ல யாரு உக்கார்றது? ஓவிய டீச்சர் புள்ளத்தாச்சி, மாடி ஏறப்படாது..." எழுதி எழுதிக் கை வலித்தது.

ஆக, விதி என்ன என்று கேட்டால் யாருக்கும் வாயில் வராது. தப்பான ஒன்றைக் கையில் கொடுத்தால் வரிசையாக வந்து விழும். இனி எந்தப் பள்ளிக்கும் முதல் தடவை தப்பாகவே கொண்டுபோக வேண்டும். தப்பு என்று தெரிந்தே, சிரித்த முகத்தோடு.

2 செப்டம்பர்

ஆவணி முகூர்த்தம். முத்தையா ஐயா திங்கட்கிழமை காலையில் அகிலா சென்டருக்கு போன் போட்டிருக்கிறார். "நாலு பேரு கல்யாணத்துக்குப் போயிட்டாக. எந்த வகுப்புக்கு யாரை அனுப்புறதுன்னு உங்க மெஷின் சொல்லுமா?"

அகிலா கையாலேயே பார்த்துச் சொல்லியிருக்கிறாள். மறுநாளும் போன். இன்றும்.

சாயங்காலம் இருவரும் மூன்று நாள் போன் குறிப்பையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். டைம்டேபிள் வருஷத்துக்கு ஒரு தடவை. லீவு தினமும்! ஒரு தடவை விற்றுவிட்டு வருகிற வேலை இல்லை இது. பால்காரர் மாதிரி தினமும் போக வேண்டிய வேலை. மாதாமாதம் காசு வாங்கிக்கொள்ள வேண்டிய வேலை.

புரோகிராம் எழுதும் முன்னால் ஒரு மாதம் கையாலேயே செய்து பார்ப்போம் என்றேன். எங்கே இடறுகிறது என்று தெரியட்டும்.

9 அக்டோபர்

நெற்குப்பைப் பக்கம் ஒரு பள்ளி, நேமத்தான்பட்டி போகும் வழியில் ஒன்று. எங்கள் பள்ளியும் கோட்டையூரும் சேர்த்தால் நான்கு. எனக்குக் கால் தரையில் படவில்லை.

18 நவம்பர்

அகிலாவோடு சண்டை.

நெற்குப்பையில் இன்று ஒன்பதாம் வகுப்புக்கு மாற்று ஆசிரியராக யாரை அனுப்பச் சொல்லியிருக்கிறது தெரியுமா? போன மாதம் ஓய்வு பெற்றுப் போனவரை. இதே தவற்றை எங்கள் பள்ளிக்கு முன்பே சரிசெய்தாயிற்று. நெற்குப்பை புரோகிராமில் சரிசெய்யவில்லை. ஏனென்றால் பள்ளிக்கு ஒரு புரோகிராம்! ஒவ்வொன்றும் தனித்தனியாக வளர்ந்து நிற்கிறது.

"நானா வளத்தேன்? நீங்க போற எடத்துல எல்லாம் சரி சரின்னு தலையாட்டிட்டு வந்துர்றீக. ஒருத்தருக்கு ராகு காலத்துல பரீச்சை வரக்கூடாது, ஒருத்தருக்கு டீச்சர்மாரு பிறந்தநாள் வேணும். ஒக்காந்து எழுதுறவ நானு. எனக்கு மண்டை வெடிக்குதுக்கா."

நானும் ஏதோ சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்று எழுதவே கூசுகிறது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் சொன்னது சரிதானே?

21 நவம்பர்

போய்க் கதவைத் தட்டினேன். "ராகு காலத்தை எடுத்துர்றியா?" என்றேன். "பிறந்தநாளையும்" என்றாள். சரி.

நாலுக்கும் ஒரே புரோகிராம். ஒரு பள்ளி கேட்டால் குறித்து மட்டும் வைப்பது. மூன்று பள்ளி கேட்டால்தான் செய்வது. அதுவரை நான், "பாக்குறேங்க ஐயா" என்று மட்டும் சொல்லப் பழக வேண்டும். இன்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். முகம் ஒத்துழைக்கவில்லை.

25 டிசம்பர்

ஜனவரியிலிருந்து மே வரை சம்பளமில்லா விடுப்பு எடுக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இன்றைக்கா சொல்வது? வேறு எப்போது சொல்வது?

அப்பா கேக்கைத் தொடவில்லை. முப்பத்தைந்து வருஷம் வாத்தியாராக இருந்தவர். "நெரந்தர வேலைம்மா. ஊர்ல எத்தனை பேரு அதுக்குத் தவங்கெடக்குறாக. அதை விட்டுட்டு, யாரு லீவு யாரு லீவுன்னு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக் கேக்கப் போறியா?"

"விடலப்பா. அஞ்சு மாசந்தான்."

"அஞ்சு மாசத்துல பழகிரும்" என்றார். எது பழகிவிடும் என்று சொல்லவில்லை.

12 ஜனவரி 1999

காலை எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எல்லாப் பள்ளியும் ஒரே நேரத்தில் அழைக்கின்றன. நான் போனை எடுத்தால் மெஷினைப் பார்க்க முடிவதில்லை. அத்தை தானாகவே கிளம்பி வந்துவிட்டார். "போன்ல பேசத்தானே ஆளு வேணும்? எனக்கு வேறென்ன வேலை?"

அத்தையை அடைக்கலமேரி என்று தலைமையாசிரியர்கள் எல்லாரும் இப்போது பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். கோபத்தோடு அழைக்கிறவர்கள்கூட இரண்டு நிமிஷத்தில் சிரித்துக்கொண்டு வைக்கிறார்கள். யார் வீட்டில் காய்ச்சல், யாருக்குக் கல்யாணம், அடுத்த வாரம் யார் லீவு போடப்போகிறார்கள் எல்லாம் அத்தைக்கு முன்கூட்டியே தெரிகிறது. இந்த வசதியை எந்தப் புரோகிராமில் எழுதுவது?

9 பிப்ரவரி

மெஷின் படுத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க். காலை எட்டு மணிக்கு கிர்ர் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அகிலா சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டாள். யார் அழைத்தாலும் எடுக்க வேண்டாம், ஊரில் இல்லை என்று நினைத்துக்கொள்ளட்டும் — இதுதான் முதலில் தோன்றியது. அத்தை அதற்குள் போனைக் கையில் எடுத்திருந்தார். அவர்கள் அழைக்கும் முன்னால் இவரே ஒவ்வொரு பள்ளியாக அழைத்தார். "ஐயா, இன்னைக்கு எங்க மெஷினு படுத்துருச்சு. இன்னைக்கும் நாளைக்கும் பழையபடி நீங்களே பாத்துக்கங்க. சரியானதும் நானே கூப்புடுறேன்."

திட்டு வாங்கத் தயாராக நின்றேன். முத்தையா ஐயா என்னைக் கேட்டு வாங்கிப் பேசினார்: "மொதல்லயே சொன்னீகளே, அது போதுந்தா. மணியடிச்சப்புறம் தெரிஞ்சிருந்தாத்தான் நாறிப்போயிருக்கும்."

பிரதி எடுத்த ஃப்ளாப்பி இருந்தது. ஆனால் பொங்கலுக்கு முன்னால் எடுத்தது. அதற்குப் பிறகு மாற்றியதை எல்லாம் உட்கார்ந்து மறுபடி அடிக்கிறோம். இனிமேல் தினமும் சாயங்காலம் ஒரு பிரதி. அது சென்டரில் இருக்கக் கூடாது, என் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும்.

10 பிப்ரவரி

கை வலி. ஆனந்த் வந்து படித்துச் சொல்ல, நான் அடித்தேன். இவ்வளவு அழகாகப் படிப்பாரா இவர்?

15 மார்ச்

நேமத்தான்பட்டி வழிப் பள்ளி விலகிவிட்டது. காரணம் சொல்லவில்லை. "நாங்களே பாத்துக்கிறோம்" என்று மட்டும்.

அகிலா விடுங்க என்கிறாள். எனக்கு விட மனசில்லை.

17 மார்ச்

போய்க் கேட்டேன். திரும்பச் சேருங்கள் என்று கேட்கவில்லை. ஏன் என்று மட்டும். தலைமையாசிரியை வள்ளிக்கண்ணு அம்மா எங்கள் தாளை எடுத்து வைத்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எழுத்து எறும்பாட்டம் இருக்குத்தா. போர்டுல ஒட்டுனா ஒருத்தரும் படிக்க முடியல. எல்லாரும் எங்கிட்ட வந்து கேக்குறாக. எனக்கும் தெரியல. அதைப் போயி எப்படிச் சொல்றதுன்னுதான்."

இவ்வளவுதானா! ஒரு மாதமாக மனசுக்குள் வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டிருக்கிறார். அகிலா எழுத்தை இரண்டு மடங்காக்கினாள். இரண்டு தாள் ஆகிறது, ஆகட்டும். பிரிண்டர் சத்தத்தில் தெருவே எழுந்து நிற்கிறது. வள்ளிக்கண்ணு அம்மா திரும்ப வந்துவிட்டார்.

சத்தம் போடுகிறவர்களை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். சத்தம் போடாமல் போகிறவர்களைத்தான் தேடிப் போக வேண்டும்.

6 மே

தேவகோட்டையிலிருந்து ஒரு தலைமையாசிரியர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் வந்து நின்றார். எங்கள் மெஷின் எது என்று பார்க்க வேண்டுமாம்.

"யாரு சொன்னாக?" என்றேன்.

"பெரியநாயகம் சாருதான். நாங்க ஒண்ணா வேலை பார்த்தோம். ஏம் மக நல்லாப் போடுது, போய்ப் பாருங்கன்னாரு. நாலு தடவ சொல்லிட்டாரு."

அப்பா! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி அப்பா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மீன் துண்டு ஒன்று கூடுதலாக என் தட்டில் விழுந்தது.

27 மே

தலைமை சிஸ்டர் ஆள் அனுப்பிவிட்டார். "ஜூனில் வருகிறாயா, இல்லையா? முடிவாகச் சொல்."

ஆனந்த், "உனக்கு எது சரின்னு படுதோ" என்கிறார். அத்தை, "எனக்கு ரெண்டும் சரிதான். ஆனா போன் பேச ஆளு வேணுமுல்ல?" என்கிறார். அகிலா எதுவும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள், பார்த்தாலே தெரிகிறது.

மாதச் சம்பளம். சாக்பீஸ் வாசனை. "புரியல டீச்சர், மறுபடி சொல்லுங்க" என்று சொல்லத் தயங்காத எட்டாம் பி. இதையெல்லாம் விட்டுவிட்டு?

ஆனால் காலை எட்டரைக்கு அந்தப் போன் அடிக்கும்போது எனக்குள் ஒரு துள்ளல் வருகிறதே, அது என்ன?

நாளை போக வேண்டும். என்ன சொல்லப் போகிறேன் என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

14 ஜூன், திங்கள்

தேவகோட்டையும் இன்னும் இரண்டும் சேர்ந்து இப்போது ஏழு பள்ளிகள். திறந்து இரண்டாவது வாரம். மூச்சுவிட இப்போதுதான் நேரம்.

பதினொரு மணிக்கு ஒரு போன். அத்தை வாங்கிக் கேட்டுவிட்டு, "ஒனக்குத்தான். புதுக் குரலா இருக்கு" என்று நீட்டினார்.

"டீச்சர், எம் பேரு நாச்சியம்மை. உங்க பள்ளிக்கூடத்துல உங்க எடத்துக்கு வந்திருக்கேன். குத்தம் சொல்றேன்னு நெனைக்காதீக. எட்டாம் பி-க்குக் கணக்கு அஞ்சு நாளும் கடைசிப் பீரியடா விழுந்திருக்கு. பாதிப் பிள்ளைக தூங்குதுக, மீதி பஸ்ஸுக்குப் பையத் தூக்குதுக."

"சொன்னதுக்கு ரொம்ப நன்றிம்மா. இப்பவே பாக்குறேன். பிள்ளைக எப்படி இருக்குதுக?"

"வாய் ஜாஸ்தி. ஆனா கெட்டிக்காரப் பிள்ளைக. புரியலைன்னா விடவே மாட்டேங்குதுக."

"விடாதுக" என்றேன். ஏழாம் பி-யிலேயே என்னை அப்படித்தான் படுத்தியவர்கள்.

கணக்கு வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கடைசிப் பீரியடில் வரக் கூடாது என்று அகிலா ஒரு விதி எழுதினாள். ஏழு பள்ளிக்கும் ஒரே நேரத்தில் மாறியது. பிறகு எட்டாம் பி-யின் செவ்வாய்க்கிழமைக் கணக்கை எங்கே போடுவது என்று மெஷின் முதல், இரண்டாம், ஆறாம் பீரியடு என்று மூன்று இடங்கள் காட்டியது. மூன்றும் சரிதான் என்றாள் அகிலா.

நான் இரண்டாம் பீரியடைத் தொட்டேன். அந்த வகுப்பில் முதல் பீரியடுக்குக் கிழக்கு ஜன்னல் வெயிலும் ஆறாவதுக்கு மேற்கு ஜன்னல் வெயிலும் கரும்பலகைமேல் விழும். பின் பெஞ்சுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவதில் விழாது.