முப்பத்தெட்டு மதிப்பெண்

போர்ட் லூயிஸ்
5 மார்ச் 1962

அண்ணனுக்கு,

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், உங்கள் மகள் ருக்மணியின் கணக்கு மதிப்பெண்ணைப் பட்டியலில் மையால் எழுதினேன்: முப்பத்தெட்டு. பென்சிலில் விட்டிருந்தால் நேற்றுப் போல மறுபடியும் பள்ளிக்கு வந்து நிற்பீர்கள்.

ஐம்பதுக்குக் கீழே எடுத்தால் மதராஸ் கல்லூரியில் அறிவியல் பிரிவு கிடைக்காது என்று எனக்குத் தெரியாதா? இந்தத் தீவிலிருந்து கப்பலேறிப் போய் அங்கே படித்தவள்தானே நான். ஆனால் அவளுடைய கணக்கு ஆசிரியையும் நான்தான். மற்ற ஆசிரியைகள் முன்னால், "அத்தை அத்தை என்று சுற்றி வருகிற பிள்ளைக்குப் பன்னிரண்டு மார்க் போட உனக்குக் கை வரவில்லையா?" என்று கேட்டீர்கள். வராது. முப்பத்தொன்பது எடுத்த மீனவர் மகள் மார்லென் அழுதுகொண்டே போனாள். அவளுக்கு இந்தப் பள்ளியில் அத்தை இல்லை.

தமிழில் எழுதுகிறேன். உங்கள் தோட்ட அலுவலகத்தில் தபால் வாங்கும் குமாஸ்தா ஆன்றி பிரித்துப் பார்த்தாலும் புரியாது.

சிவகாமி


பெல் ஒம்ப்ர்
9 மார்ச் 1962

சிவகாமி,

ருக்மணி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கல்லூரி இல்லையென்றால் கல்யாணம்தான் என்று அவளுக்குத் தெரியும். ஏப்ரலில் பெண் பார்க்க வருகிறார்கள்.

நியாயம் பேசுகிறாயே, கேட்டுக்கொள். 1936-இல் கணக்கில் நீ எடுத்தது ஐம்பத்தொன்று அல்ல, முப்பத்தொன்று. அப்பா உன் தலைமையாசிரியர் க்ளெமான் வீட்டு வாசலில் நின்று அழுதார். கூடப் போனவன் நான். "பா ப்ளோரே, அப்பாசாமி, அழாதே. மூன்றை ஐந்தாக்க எவ்வளவு நேரம்?" என்றார் அந்த மனுஷன். உன் பட்டம் அப்படி வந்தது. அப்பா உனக்குச் செய்ததை என் பிள்ளைக்கு நீ செய்யக் கூடாதா?

விநாயகம்


போர்ட் லூயிஸ்
14 மார்ச் 1962

அண்ணனுக்கு,

நான் படித்ததும் இதே பள்ளிதானே; பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். என் பெயருக்கு நேரே தாளைச் சுரண்டியிருக்கிறார்கள். ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தால் அடியில் மூன்று தெரிகிறது.

இருபத்தாறு வருஷம் இதைச் சொல்லாமல் இருந்தது பாசத்தால் என்று நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு நாள் உதவும் என்று வைத்திருந்தீர்கள். அப்பா அழுததை நான் தெரிந்துகொள்ள வேறு நாளே இல்லையா?

இரண்டு நாளாகக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கக் கூசுகிறது. எந்தப் பெண்ணின் இடத்தில் போய் உட்கார்ந்து படித்தேனோ! ஆனாலும் அந்த முப்பத்தொன்று மார்க்குக்காரி மதராஸ் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறினாள். அதை யாரும் சுரண்டி எழுதவில்லை.

ருக்மணியின் முப்பத்தெட்டு அப்படியே போகும். அதே உறையில் கல்லூரி முதல்வருக்கு என் கடிதமும் போகும். என் உண்மையான மதிப்பெண்ணையும், அது எப்படி மாறியது என்பதையும், பிறகு நான் எப்படித் தேறினேன் என்பதையும் எழுதுவேன். இவளை எடுப்பதா வேண்டாமா என்று அதைப் படித்துவிட்டு அவர்கள் சொல்லட்டும். என் பட்டத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவேன். வேலையும் போகும்.

தலைமையாசிரியையிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இது உங்கள் கைக்கு வரும்போது அந்த உறை கப்பலேறியிருக்கும்.

சிவகாமி