அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிய நாள்

வில்லாபுரம், மதுரை-12
9.8.2001

அன்பு மகள் பாண்டீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்ல ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு பரங்குன்றத்து முருகனை வேண்டிக்கிட்டு இதை எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடல. போன ரெண்டு கடிதத்துலயும் அம்மாவுக்குக் கொஞ்சம் அசதி, அம்புட்டுதான்னு எழுதினேனே, அது பொய்ம்மா. தூரத்துல இருக்குற பிள்ளை எதுக்குக் கலங்கணும்னு மறைச்சேன். இனி மறைக்க எனக்குத் தெம்பு இல்ல.

அம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பிச்சு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. மொதல்ல குழம்புல உப்பை ரெண்டு தடவ போட்டா, சாவியை அரிசிப் பானைக்குள்ள வச்சுட்டு வீடெல்லாம் தேடுனா, வயசாகுதுன்னு நானும் சிரிச்சுக்கிட்டேன். அப்புறம் சாயங்காலம் நாலு மணி ஆனா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்புறா. எங்கன்னு கேட்டா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விட்டுருமேங்கிறா. நீ கல்யாணமாகிப் போயி ஆறு வருசம் ஆச்சு. ஒருதடவ அவனியாபுரம் பஸ் ஸ்டாப்புல அழுதுக்கிட்டு நின்னவளைக் கூட்டிட்டு வந்தேன். வெளிய சொன்னா அன்னக்கொடிக்குப் பைத்தியம்னு தெருவே பேசுமேன்னு யார்ட்டயும் மூச்சு விடல. உன் சித்தி வீட்டு விசேசத்துக்குக்கூட எனக்குக் காய்ச்சல்னு சொல்லிப் போகாம இருந்துட்டோம்.

போன மாசம் இருபதாந்தேதி ரேசன் கடையில மண்ணெண்ணெய் ஊத்துறாங்கன்னாங்க. அவளைக் கூட்டிட்டுப் போனா கூட்டத்துல எங்கிட்டாவது போயிருவா, தனியா விட்டாலும் போயிருவா. அதனால, எப்படி எழுதுறதுன்னு தெரியலம்மா, அவளை உள்ள வச்சு வெளிய பூட்டுப் போட்டுட்டுப் போனேன். கால் மணி நேரம்னு நெனச்சது, வரிசை நகரவே இல்ல, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சு. திரும்பி வந்தா வாசல்ல கூட்டம், ஜன்னல்ல புகை, பூட்டு ஒடஞ்சு கெடக்கு. எதிர்வீட்டு முனியாயி குழவிக்கல்லைத் தூக்கிட்டு வந்து ஒடச்சிருக்கு. உள்ள அம்மா சோறு வைக்கிறேன்னு அடுப்பைப் பத்த வச்சிருக்கா, கரித்துணியில தீப்பிடிச்சு ஜன்னல்ல திரையாக் கட்டுன சேலைக்கும் தாவியிருக்கு. எடது கையில தீக்காயம், கதவைத் தட்டித் தட்டி வலது கை வீங்கிக் கெடக்கு. என்னைப் பார்த்ததும் முனியாயி பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்டு, இந்தாளுதான் என்னைய அடைச்சு வச்சான், கிட்ட விடாதன்னு கத்துனா. முப்பத்தஞ்சு வருசம் என்னோட வாழ்ந்தவ என்னைக் கண்டு நடுங்குறா. கப்பலூர் கம்பெனியில மிசின்ல என் விரல் போனப்பகூட நான் அப்படிப் பயந்ததில்ல.

முனியாயி என்னை விடல. ஏண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்து ஒக்காந்திருக்க மாட்டேனா, இதையுமா ஒளிச்சு வைப்பாகன்னு அம்புட்டுப் பேருக்கு முன்னாடி திட்டுச்சு. ஆஸ்பத்திரிக்கும் அதுதான் கூட வந்துச்சு. டாக்டரம்மா இது பைத்தியம் இல்ல, அல்சைமர்னு மூளையில வர்ற நோவு, கொஞ்சங்கொஞ்சமாக் கூடத்தான் செய்யும், அடியோட குணமாக்க மருந்து இல்லன்னாங்க. இதை ஒத்தையாளாச் சுமந்தா நீங்களும் விழுந்துருவீங்க, சொந்தக்காரங்க, அக்கம்பக்கம் எல்லார்ட்டயும் சொல்லுங்கன்னாங்க. சொன்னேம்மா. வெக்கத்தை விட்டு வீடு வீடாப் போயிச் சொன்னேன். யாரும் சிரிக்கல. இப்ப காலையில ரெண்டு மணி நேரம் முனியாயி இருக்கு, நான் கடை கண்ணிக்குப் போய்ட்டு வாரேன். ஞாயித்துக்கிழமை சித்தி வந்து தலைக்கு ஊத்தி விடுறா. ஆட்டோ ஸ்டாண்டு விருமாண்டி, அக்காவை எங்க பார்த்தாலும் வீட்டுல கொண்டாந்து விட்டுருவேன் மாமான்னு சொல்லியிருக்கான். எல்லார்ட்டயும் சொன்ன அன்னக்கித்தான் வீட்டுக்கு வந்து ஒரு பாடு அழுதேன்.

ஆனாலும் பயம் போகல. பொழுது சாயுற நேரத்துல சில நாள் அம்மா என்னைப் பார்த்து, எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம், நீங்க கிளம்புங்கங்கிறா. மல்லுக்கட்டுனா அலறுறா. அதனால சரிம்மான்னு வெளிய போயி, தெருமுக்கு வரைக்கும் நடந்துட்டு (அதுவரைக்கும் முனியாயி எதிர்வாசல்ல நின்னு பார்த்துக்கிரும்) திரும்பி வந்து, அன்னம், ஷிப்டு முடிஞ்சிருச்சு, வந்துட்டேன்னு கூப்பிடுறேன். ஏன் இம்புட்டு நேரம்னு கேட்டுக்கிட்டே கதவைத் தெறப்பா. ஒவ்வொரு தடவையும் இன்னக்கித் தெறப்பாளா மாட்டாளான்னு கதவையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். எனக்கு ஒரு காய்ச்சல் வந்து படுத்தா இவ என்ன ஆவாங்கிறது அதைவிடப் பெரிய பயம்.

வேலையை விட்டுட்டு ஓடி வான்னு சொல்லல. ஆனா லீவு கெடைக்கிறப்ப வந்து பத்து நாளாச்சும் அவ பக்கத்துல இரும்மா, தள்ளிப் போடாத. நீ வேளைக்குச் சாப்பிடு, அழுது ஒடம்பைக் கெடுத்துக்காத, மாப்பிள்ளைகிட்ட எதையும் மறைக்காமச் சொல்லு, நான் செஞ்ச தப்பை நீ செய்யாத. தீர்க்காயுசா, மஞ்சள் குங்குமத்தோட நல்லா இருங்க ரெண்டு பேரும். ஒண்ணே ஒண்ணு மறந்துறாத. முனியாயி வீட்டுக்குப் போன் பண்ணு, அம்மாவைக் கூட்டிட்டு வந்து பேச வைக்கிறேன். எடுத்ததும் பாண்டீஸ்வரி பேசுறேம்மான்னு நீயே பேரைச் சொல்லிரு. நான் யாருன்னு தெரியுதான்னு மட்டும் கேட்டுறாத. அதுக்கு அவ என்ன சொல்லுவாளோ, பக்கத்துல நின்னு கேக்குற தைரியம் எனக்கு இல்ல.

இப்படிக்கு,
உன் அப்பா
காசிமாயன்