உள்ளே இருந்து பார்த்தால்

நாள் 412 · 07:40
நீர்ப்பனிச் சுரங்கம் எண் 4, நிலவின் தென்முனை. காற்றழுத்தம் சரி. மூன்றாம் பம்பு ஓடுகிறது, பேரிங்கில் லேசான இரைச்சல். காலை உணவு உப்புமா பாக்கெட்டு. இருப்பவர் ஒருவர்: நாச்சிமுத்து, வயது 67, மோட்டார் வைண்டர், அதாவது மோட்டாருக்குச் சுருள் கட்டுபவர்.

சுரங்கத்தை மூடுகிறார்கள். மற்ற பதினொரு பேரும் போன மாதமே பூமிக்குப் போய்விட்டார்கள். கடைசி மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று நானே எழுதிக் கொடுத்தேன். எனக்கான ஆளில்லா வாகனம் நாள் 416, 16:00 மணிக்கு இறங்கும். இரண்டு மணி நேரம் நிற்கும். நான் ஏறினாலும் ஏறாவிட்டாலும் 18:00 மணிக்குக் கிளம்பிவிடும்.

நாள் 412 · 13:15
நில அதிர்வு, இருபது நொடி. வெளிக்கதவின் சட்டம் சாய்ந்தது. கதவைத் திறக்கும் மோட்டார் திணறி எரிந்துவிட்டது. வேறு வாசல் கிடையாது.

கையால் திறக்க ஆறு போல்ட்டுகள் உண்டு. தலை வெளியே, வால் உள்ளே. வாலைத் திருகியும் கழற்றலாம். திருக ஸ்பேனர் வேண்டும். கருவிப் பெட்டி போன மாத வாகனத்தில் போய்விட்டது. "இனி அங்க என்ன வேலை இருக்கு" என்றார்கள். 190 கிலோ பதிவேடுகளுக்கு இடமிருந்தது, ஒரு ஸ்பேனருக்கு இல்லை.

அதிர்வில் ஒரு காற்றுக் கலமும் பிளந்தது. மிச்சம் ஒன்பது நாளுக்கு. அடுத்த வாகனம் நாற்பது நாள் கழித்து.

நாள் 413 · 09:00
மேலே சுற்றும் தொடர்பு நிலையம் இருபத்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை என் தலைக்கு மேல் வரும். நான்கு நிமிடம் பேசலாம். அங்கே பணியில் இருப்பவள் பொறியாளர் இசக்கியம்மாள், தூத்துக்குடிக்காரி.

"அண்ணாச்சி, கேக்கியளா? உசுரோட இருக்கீயளா?"

"உங்க கம்பெனி உப்புமாவத் தின்னுட்டு இருக்கறன் அம்மிணி. அதுக்கே தப்பிச்சவன், இதுக்கா சாவேன்?"

கதவைப் பற்றிச் சொன்னேன். அவளிடம் சிரிப்பு நின்றது. பூமியில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பரிசீலிக்கிறோம்.

நாள் 413 · 18:20
படுக்கைக் குழாயைக் கைப்பிடியாக்கித் திருகிப் பார்த்தேன். குழாய் வளைந்தது. என் தோளும் போயிற்று. கை பலம் போதாது.

கருவி இல்லையென்றால் செய்துகொள்ள வேண்டியதுதான். குப்பை அறையில் கிடந்தவை: எரிந்த தண்ணீர்ப் பம்பு மோட்டார் ஒன்று, சூரியத் தகட்டைத் திருப்பும் பல்சக்கரப் பெட்டி, அறுபது சுற்றுக்கு ஒரு சுற்று, பழைய தலைவிளக்குகளின் பேட்டரி செல்கள் அறுபத்து நான்கு. ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இருபத்திரண்டுக்கு உயிர் இருக்கிறது.

நாள் 414 · 10:30
மோட்டாரின் பழைய சுருளை வெட்டி எடுத்தேன். தடித்த கம்பியில் குறைந்த சுற்று சுற்றுகிறேன். வேகம் குறையும், இழுவை கூடும். காப்புத் தாளுக்கு உப்புமா உறை. வார்னிஷுக்கு, விண்ணுடையை ஒட்டும் பசை. ஈயத்தைச் செத்த போர்டுகளிலிருந்து சொட்டுச் சொட்டாக உருக்கி எடுத்தேன். விசைக்குக் கழிவறை உறிஞ்சியின் பொத்தான்.

இதை எந்தக் கல்லூரியிலும் நான் படிக்கவில்லை. கோவை கணபதியில் ஒரு தகரக் கொட்டகையில், எரிந்த மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றேன்.

நாள் 414 · 11:00
"பூமியில பரிசீலிச்சிக்கிட்டிருக்காவளாம் அண்ணாச்சி."

"பரிசீலிக்கட்டும். நான் மோட்டார் கட்டீட்டு இருக்கறன்."

"எதை வச்சு?"

"நீங்க தூக்கிப் போட்டதை வச்சு."

நாள் 415 · 12:10
கருவி ஓடியது. பார்க்க அசிங்கம். நாற்காலிக் கால்தான் பிடி. முனையில், குழாயைச் சுட்டு அறுகோணமாக அடித்த சாக்கெட். ஆனால் மேசையில் கட்டிய இரும்புச் சட்டத்தை முறுக்கிவிட்டது. செல்கள் கொதிக்கின்றன. கதவை ஒருமுறை கழற்றத் தாங்கும். மறுமுறை தாங்காது.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். இந்தக் கதவுகளில் சிலவற்றுக்கு நேர் மரை, சிலவற்றுக்கு எதிர் மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். மரை சுவருக்குள் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. தவறான பக்கம் முறுக்கினால் இந்த உலோகம் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். பிறகு எதற்கும் அசையாது.

நாள் 415 · 13:00
"ஏனம்மிணி, வரைபடத்தப் பாத்துச் சொல்லு. கழட்டோணும்னா எந்தப் பக்கம் சுத்தோணும்?"

தேடினாள். மூன்று நிமிடம் போயிற்று.

"இடது பக்கமாச் சுத்துங்க அண்ணாச்சி. இடது. நான் என்னத்துக்குச் சொல்லுதேன்னா..."

தொடர்பு போய்விட்டது.

நாள் 415 · 15:45
இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

மோட்டாரை நாங்கள் வைண்டர்கள் விசிறிப் பக்கம் நின்று பார்ப்போம். பம்பு மாட்டுகிறவர் எதிரே தண்டுப் பக்கம் நின்று பார்ப்பார். எனக்கு வலம் என்பது அவருக்கு இடம். இந்தச் சுரங்கத்தின் கையேடுகளில் வெறுமனே வலம், இடம் என்று இருக்கிறது. எந்தப் பக்கம் நின்று என்று இல்லை. அதை எழுதச் சொல்லி, இங்கே வருமுன் பூமியில் மூன்று வருடங்களில் பதினொரு கடிதம் கொடுத்தேன். கடைசியில் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். "பெரியவரே, கடிகாரம் எல்லாருக்கும் ஒரே பக்கந்தான் சுத்துது" என்றார் ஒருவர். அறை முழுக்கச் சிரித்தது. பயிற்சிக்கு வந்திருந்த இசக்கியம்மாளும் சிரித்தாள். நான் பார்த்தேன்.

வரைபடம் வெளியே நின்று வரைந்தது. அவள் அதைப் பார்த்து இடது என்கிறாள். உள்ளே நிற்கும் எனக்கு அது வலது. இந்த வித்தியாசம் அவர்களில் ஒருவருக்கும் புரிந்ததில்லை.

நாள் 416 · 08:00
மறுபடி 15:00 மணிக்குத்தான் தொடர்பு. அதுவரை காத்திருந்து, எந்தப் பக்கம் நின்று சொன்னாய் என்று கேட்கலாம். கேட்டாலும் வேலைக்கு மூன்று மணி நேரம் மிஞ்சும்.

சிரித்தவளிடம் போய்க் கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும்.

நாள் 416 · 08:50
வலது பக்கம் முறுக்கினேன். முதல் போல்ட்டு முனகிக் கால் சுற்று நகர்ந்தது. கத்தினேன். நானூறு நாளில் இந்த அறையில் எழுந்த முதல் கத்தல்.

கார் சக்கரம் கழற்றுவதுபோல, ஆறையும் முதலில் கொஞ்சம் தளர்த்திவிட்டுத்தான் முழுதாகக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் பாரம் ஒன்றின் மேல் ஏறும். ஆறும் கால் சுற்று வந்துவிட்டன. கருவி ஆறட்டும். பெட்டி கட்டுகிறேன்.

நாள் 416 · 10:15
இரண்டாம் தடவை. முதல் போல்ட்டு வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை.

ஆறும் வரவில்லை.

நாள் 416 · 11:30
கம்பிகளை மாற்றிக் கட்டி இடது பக்கம் முறுக்கினேன். அசையவில்லை. விசையை விடாமல் பிடித்தேன். வார்னிஷ் எரியும் வாசனைக்குக் காத்திருந்தேன். வந்தது உப்புமா வாசனை. கருவி செத்துவிட்டது.

நாள் 416 · 15:00
"அண்ணாச்சி! கதவு தொறந்துட்டா?"

செத்த கருவியை மேசை மேல் வைத்தேன்.

"நேத்து பேச்சு பாதியில அறுந்து போயிட்டு. வரைபடம் வெளிய நின்னு போட்டது, அதுல வலதுன்னு இருக்கு. எதிர் மரை. நீங்க உள்ள நிக்கீயள்ளா, அதான் நானே மாத்தி இடதுன்னு சொன்னேன். உங்க பதினோரு கடுதாசியும் நான் படிச்சிருக்கேன் அண்ணாச்சி. அன்னைக்குக் கூட்டத்துல சிரிச்சதுக்கு மன்னிச்சிக்கிடுங்க. நீங்க சொன்னதுதான் சரி."

இத்தனை வருடம் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். காலையில் நகர்ந்த அந்தக் கால் சுற்று தளர்ந்ததல்ல, இறுகியது.

"கேக்கியளா?"

"கேக்குது அம்மிணி. நீ சொன்ன பக்கந்தான் சுத்துனேன். போல்ட்டு வரலை. மோட்டார் எரிஞ்சு போச்சு. என் வைண்டிங் சரியில்லை."

"உங்க வைண்டிங்கா? நான் நம்ப மாட்டேன்."

"வயசாயிருச்சு சாமி. விடு."

என் வைண்டிங்கைப் பற்றி நான் சொன்ன முதல் பொய்.

நாள் 416 · 18:00
தரை அதிர்ந்தது. வாகனம் கிளம்பிவிட்டது.

நாள் 419 · 09:30
தலைவலி. இசக்கியம்மாள் ஒவ்வொரு முறையும் கூப்பிடுகிறாள். நேற்று அவள் அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பைப் பற்றி நான்கு நிமிடமும் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பம்பை நிறுத்தினேன். பேரிங் இன்னும் ஆறு மாதம் ஓடியிருக்கும்.

நாள் 421 · காலை
கடிகாரம் சரியாகத் தெரியவில்லை.

கதவின் உள்பக்கத்தில் போல்ட்டைச் சுற்றி ஓர் அம்பு கீறியிருக்கிறேன். பக்கத்தில்: உள்ளே இருந்து பார்த்தால் இடம். கையேட்டிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டாவது கடிதமாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் 415, நாள் 416 பக்கங்களை இசக்கியம்மாளிடம் காட்ட வேண்டாம். அவள் சரியாகத்தான் சொன்னாள். வைண்டிங் எரிந்தது என்று மட்டும்

விசிறி மட்டும் ஓடுகிறது. கடைசி மோட்டார். இதை நான் நிறுத்தவில்லை. யார் வருகிறீர்களோ நிறுத்திவிடுங்கள்.

இதைப் படிக்கிறீர்கள் என்றால் கதவை அறுத்து உள்ளே வந்திருப்பீர்கள். திரும்பி நின்று அந்த அம்பைப் பாருங்கள். இப்போது உங்களுக்கும் இடம்தான்.

நாம் ஒரே பக்கம்